ஒரு புரதம், இரு பணிகள்
(நோய்த் தடுப்பணுக்களில் கால்சியமும் நுண்பைகளும்)

முன்னுரை

சுண்ணாம்புச் சத்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை எலும்பும் பல்லும்தான். நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது என்பது உண்மையே. எஞ்சிய ஒரு பங்கு என்ன செய்கிறது என்று நாம் கேட்பதில்லை. அந்த ஒரு பங்கு தன் வேலையை நிறுத்திவிட்டால் தசை சுருங்காது, நரம்பு செய்தி சொல்லாது, இதயம் துடிக்காது, நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணு, பகைவன் கண்ணெதிரே நின்றாலும் கைகட்டி நிற்கும்.

வெள்ளணு கைகட்டி நிற்பது வெறும் கற்பனை அன்று. இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் போதிய அளவில் இருந்தும், பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத தொற்றுநோய்களுக்கு ஆளாகும் குழந்தைகள் உண்டு. படை இருக்கிறது, ஆயுதமும் இருக்கிறது, ஆணை மட்டும் போய்ச் சேரவில்லை. அந்த ஆணை எவ்வழியே செல்கிறது, அதைக் கொண்டு செல்வோர் யாவர் என்பதை அறிவியலார் கடந்த நாற்பது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டறிந்துள்ளனர். அவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்தது 'கிராக்ஆர்-2ஏ' என்னும் புரதம். உயிரணுவின் கால்சியக் கதவைக் காப்பது ஒரு வேலை. உயிரணுவினுள் நுண்பைகளை ஏற்றி அனுப்புவது மற்றொரு வேலை. இவ்விரு வேலைகளையும் அது எவ்வாறு ஏற்றுச் செய்கிறது, அது குறைந்தால் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தவளையின் இதயம் சொன்ன செய்தி

கால்சியம் உயிர்ச் செயல்களுக்கு இன்றியமையாதது என்பது தற்செயலாகவே தெரிய வந்தது. 1880களின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் துடிக்கச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். குழாய் நீரில் செய்த கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. அதே உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது துடிப்பு விரைவில் ஓய்ந்தது. தூய நீர் துடிப்பை நிறுத்துகிறது, குழாய் நீர் காக்கிறது என்றால் புதிராக இல்லையா? குழாய் நீரில் இயல்பாகக் கலந்திருந்த கால்சியமே இதற்குக் காரணம் என்று ரிங்கர் 1883இல் விளக்கினார். விலங்கியல் ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் பயன்படுத்தும் 'ரிங்கர் கரைசல்' அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கால்சியத்துக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? விடை எளியது: உயிரணுவின் உள்ளே அது மிக மிகக் குறைவாக இருப்பதுதான். உயிரணுவைச் சூழ்ந்த நீர்மத்தில் கால்சிய அயனிகளின் செறிவு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமோலார் வரை. ஓய்வாக இருக்கும் உயிரணுவின் சைட்டோபிளாசத்திலோ அது சுமார் 0.1 மைக்ரோமோலார் மட்டுமே. வெளியே பத்தாயிரம் என்றால் உள்ளே ஒன்று! கால்சியம் உள்ளே பெருகினால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். ஆகவே உயிரணு இடைவிடாமல் ஆற்றலைச் செலவிட்டு, எக்கிகளின் உதவியால் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

சந்தை இரைச்சலில் ஒருவர் கூப்பிட்டால் காதில் விழாது. ஊர் அடங்கிய நள்ளிரவில் கதவை இலேசாகத் தட்டினாலும் வீடு முழுதும் விழித்துக்கொள்ளும். உயிரணுவின் உள்ளே கால்சியத்தைப் பொறுத்தவரை எப்போதும் நள்ளிரவுதான். அதனால்தான் ஒரு சிறு கதவு திறந்து சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது செய்தியாகிவிடுகிறது.

அச்செய்தியைப் படிக்கச் சில புரதங்களுக்குத் தனி உறுப்பே உண்டு. 1973இல் ராபர்ட் கிரெட்சிங்கர், கெண்டை இன மீன் ஒன்றின் தசையில் உள்ள பார்வால்புமின் என்னும் புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்து விளக்கினார். அதில் இரண்டு திருகுச் சுருள்கள், நீட்டிய பெருவிரலும் சுட்டுவிரலும் போல அமைந்து, இடையில் ஒரு கால்சிய அயனியைப் பிடித்திருந்தன. அச்சுருள்களுக்கு இ, எஃப் என்று பெயரிட்டிருந்தமையால் இவ்வமைப்பு 'இஎஃப் கை' எனப்பட்டது. இந்தக் கையுடைய புரதம் கால்சியத்தைப் பற்றியதும் தன் உருவத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளும். உருவம் மாறினால் உறவும் மாறும்; புதிய கூட்டாளியைச் சேரும், அல்லது பழைய கூட்டாளியை விடும். நம் கதைத் தலைவனுக்கும் இந்தக் கை உண்டு என்பதை நினைவில் கொள்க.

டி அணு விழித்தெழும் முறை

நிணநீர் அணுக்களில் முதன்மையானவை டி அணுக்களும் பி அணுக்களும் ஆகும். பி அணுக்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. டி அணுக்களில் ஒரு பிரிவு நோயுற்ற உயிரணுக்களை நேரில் கொல்கிறது; மற்றொரு பிரிவு ஏனைய தடுப்பணுக்களுக்கு உதவியும் ஊக்கமும் தருகிறது. பி அணு நல்ல எதிர்ப்பொருளை உண்டாக்க வேண்டுமானால், பெரும்பாலான நேரங்களில், இவ்வுதவி டி அணுவின் துணை தேவை.

கிருமியின் புரதத் துணுக்கு ஒன்றை மற்றோர் உயிரணு ஏந்திக் காட்டும்போது, அதற்குப் பொருந்தும் ஏற்பியையுடைய டி அணு அதனுடன் நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுமிடம் ஒழுங்காக அமைந்த ஒரு சந்திப்பாக மாறுகிறது. நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள சந்தியை ஒத்திருப்பதால் இதைத் 'தடுப்பாற்றல் சந்தி' என்கிறோம். இங்கிருந்துதான் ஆணை உள்ளே புறப்படுகிறது.

ஆணை செல்லும் வழியைச் சுருக்கமாகக் காண்போம். ஏற்பி தூண்டப்பட்டதும், உயிரணுச் சவ்விலுள்ள ஒரு கொழுப்புப் பொருளை ஒரு நொதி வெட்டுகிறது. அதிலிருந்து 'ஐபி-3' என்னும் சிறு மூலக்கூறு விடுபடுகிறது. இது உயிரணுவின் உட்கிடங்கான எண்டோபிளாச வலையை அடைந்து, அங்கே சேமித்து வைக்கப்பட்டுள்ள கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. ஐபி-3இன் இவ்வேலை 1983இல் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் கிடங்கிலுள்ள இருப்பு சொற்பம். அது சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. டி அணுவுக்கோ கால்சியம் மணிக்கணக்கில் உயர்ந்து நிற்க வேண்டும். ஏன்? உயர்ந்த கால்சியம் 'கால்சிநியூரின்' என்னும் நொதியை இயக்குகிறது. அந்நொதி 'என்ஃபாட்' என்னும் புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. பாஸ்பேட்டை இழந்த என்ஃபாட் உட்கருவினுள் நுழைந்து, இன்டர்லியூக்கின்-2 போன்ற போர்ச் செய்திகளுக்கான ஜீன்களை இயக்குகிறது. கால்சியம் தாழ்ந்தால் என்ஃபாட் மீண்டும் பாஸ்பேட்டைப் பெற்று உட்கருவை விட்டு வெளியேறிவிடும். வேலை பாதியில் நின்றுபோகும். ஆகவே கிடங்கு காலியானவுடன் வெளியிலிருந்து கால்சியம் தொடர்ந்து வந்தாக வேண்டும். கிடங்கின் வெறுமையே வாயிற் கதவைத் திறக்கும் சைகையாக அமைகிறது என்ற கருத்தை ஜேம்ஸ் பட்னி 1986இல் முன்வைத்தார்.

காவலரும் கதவும்

பட்னியின் கருத்து வந்து இருபது ஆண்டுகள் வரை, கதவு எது, கிடங்கு காலியானதைக் கதவுக்குச் சொல்வது எது என்பது தெரியவில்லை. கதவின் வழியே பாயும் மின்னோட்டம் மட்டும் அளக்கப்பட்டு, 'கிராக்' மின்னோட்டம் என்று 1992இல் பெயர் பெற்றது. கால்சியம் விடுபட்டதால் தூண்டப்படும் கால்சியக் கால்வாய் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இப்பெயர்.

2005இல் காவலர் அகப்பட்டார். 'ஸ்டிம்-1' என்பது அவர் பெயர். எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்துள்ள இப்புரதத்தின் இஎஃப் கை கிடங்கின் உட்புறம் நீண்டிருக்கிறது. கிடங்கில் கால்சியம் குறைந்ததும் கை வெறுமையாகிறது. உடனே ஸ்டிம்-1 மூலக்கூறுகள் ஒன்றுகூடி, உயிரணுவின் வெளிச்சவ்வை ஒட்டிய இடங்களுக்கு நகர்கின்றன.

மறு ஆண்டே கதவும் அகப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர்கள் இரண்டு குழந்தைகள். நெருங்கிய உறவினரான பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இருவர், கடுமையான தடுப்பாற்றல் குறைபாட்டால் துன்புற்றதைப் பற்றி 1996இல் ஸ்டீபன் ஃபெஸ்கேயும் உடன் ஆய்வாளர்களும் எழுதினர். அவர்களின் நிணநீர் அணுக்களின் எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் தூண்டினால் கால்சியம் உள்ளே நுழையவில்லை. என்ஃபாட் உட்கருவுக்குப் போகவில்லை. இருவரில் ஒருவர் மட்டுமே, பிறரின் எலும்பு மஜ்ஜை அணுக்களைப் பெற்று உயிர் பிழைத்தார். பத்தாண்டுகள் தொடர்ந்த தேடலின் முடிவில், பாஸ்டன் நகரில் அஞ்சனா ராவ் அம்மையாரின் ஆய்வுக் குழுவில் 2006இல் விடை கிடைத்தது. 'ஓராய்-1' என்னும் புரதத்தில் 91ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டியதற்கு மாறாக டிரிப்டோஃபான் அமர்ந்திருந்தது. ஓர் அமினோ அமிலம் இடம் மாறியதால் கதவு அடைபட்டே கிடந்தது! கிரேக்கப் புராணத்தில் விண்ணுலக வாயிலைக் காக்கும் தேவியரின் பெயரே ஓராய் என்பதாகும்.

கிராக்ஆர்-2ஏ அறிமுகம்

காவலர் ஒரு சவ்வில். கதவு மற்றொரு சவ்வில். இரண்டும் சந்தித்துச் சேர்ந்து நிற்க வேண்டும். வெறும் இருவரால் இது நடக்குமா, துணைவர் எவரேனும் உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஓராய்-1ஐக் கண்ட குழுவில் பணியாற்றிய சோனல் ஸ்ரீகாந்த், யூசாங் குவாக் ஆகிய இருவரும் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இக்கேள்வியைத் தொடர்ந்தனர். ஓராய்-1ஐத் தூண்டில் போல இட்டு, அதனுடன் ஒட்டி வரும் புரதங்களைப் பிரித்தெடுத்தனர். அவ்வாறு வந்தவற்றுள் ஒன்றே கிராக்ஆர்-2ஏ. 2010இல் அவர்கள் இதை வெளியிட்டனர். கிராக் கால்வாயின் சீராக்கி என்பது அப்பெயரின் பொருள்.

இதன் இஎஃப் கை சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. இங்கேதான் நுட்பம் உள்ளது. ஸ்டிம்-1 கிடங்கின் வெறுமையை அறிகிறது. கிராக்ஆர்-2ஏ சைட்டோபிளாசத்தின் நிறைவை அறிகிறது. சைட்டோபிளாசத்தில் கால்சியம் குறைவாக இருக்கும் தொடக்க நிலையில் இது ஓராய்-1, ஸ்டிம்-1 ஆகிய இரண்டையும் பற்றி, அவற்றின் கூட்டணியை உறுதிப்படுத்துகிறது. கதவு திறந்து கால்சியம் போதிய அளவு புகுந்ததும், கால்சியம் இதன் கையில் அமர்கிறது, உருவம் மாறுகிறது, பிடி தளர்கிறது. ஏரி மதகைத் திறக்கக் கை கொடுத்து, வாய்க்காலில் நீர் உரிய மட்டம் ஏறியதும் கையை எடுத்துக்கொள்ளும் பணியாளனை இதற்கு ஒப்பிடலாம். திறக்கத் தெரிந்தவனுக்கு விடவும் தெரிய வேண்டும். இல்லையேல் வயல் பாழாகும். கால்சியம் அளவு மீறினால் உயிரணுவும் அழியும்.

ஒரு ஜீன், இரு வடிவங்கள்

இத்துடன் கதை முடிந்திருந்தால், கிராக்ஆர்-2ஏ கதவுக்கு உதவும் பல புரதங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆனால் முதலில் ஆராயப்பட்டது அதன் குறுகிய வடிவம் மட்டுமே. அதில் 395 அமினோ அமிலங்கள் உள்ளன. மனிதரின் 12ஆம் குரோமோசோமில் உள்ள அதே ஜீனிலிருந்து 731 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட வடிவம் ஒன்றும் உருவாகிறது. இந்த நீண்ட வடிவம் நிணநீர் அணுக்களில் மிகுதியாக உள்ளது. 2016இல் அதே ஆய்வுக் குழுவினர் இதை விரித்து எழுதியபோது, இப்புரதத்தின் மறுமுகம் வெளிப்பட்டது.

நீண்ட வடிவத்தின் இறுதிப் பகுதி 'ரேப்' எனப்படும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தை அறிய, நுண்பைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உயிரணுவில் ஓரிடத்தில் உண்டாகும் பொருள்கள் மற்றோர் இடத்துக்குச் செல்வது நுண்பைகளில் பொதியப்பட்டுத்தான். கோல்கை உறுப்பை ஓர் அஞ்சலகம் என்று கொள்ளலாம். அங்கே பொருள்கள் தரம் பிரிக்கப்பட்டு, சவ்வாலான பைகளில் இடப்பட்டு, முகவரி இட்டு அனுப்பப்படுகின்றன. இந்த முகவரிச் சீட்டுகளே ரேப் புரதங்கள் எனலாம். மனிதரிடம் 60க்கும் மேற்பட்ட ரேப் புரதங்கள் உள்ளன. இவை குவானோசின் டிரைபாஸ்பேட்டுடன் சேர்ந்திருக்கும்போது செயல்படும் நிலையிலும், அது சிதைந்து டைபாஸ்பேட் ஆனபின் ஓய்வு நிலையிலும் இருக்கும். நுண்பைப் போக்குவரத்தின் விதிகளைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோர் 2013இல் மருத்துவ நோபெல் பரிசு பெற்றனர்.

வழக்கமான ரேப் புரதங்கள் சிறியவை. கிராக்ஆர்-2ஏயின் நீண்ட வடிவமோ அவற்றைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. ஒரே சங்கிலியில் கால்சியத்தை அறியும் கை ஒருபுறம், நுண்பையைக் குறிக்கும் ரேப் பகுதி மறுபுறம், இடையே பிற புரதங்களைப் பற்றும் புரோலின் மிகுந்த பகுதி. ரேப் என்ற உறவினால் இதற்கு 'ரேப்-46' என்ற மற்றொரு பெயரும் உண்டு. இரத்தக் குழாய்களின் உட்புற உயிரணுக்களில் இதை ஆராய்வோர் அப்பெயரையே பயன்படுத்துகின்றனர்.

நுண்பைகளின் பயணம்

நீண்ட வடிவம் என்ன செய்கிறது? ஓய்வாக இருக்கும் டி அணுவில் இது கோல்கை உறுப்பை அடுத்துள்ள நுண்பைகளின் மேல் ஒட்டியிருக்கிறது. கொழுப்பு இழை ஒன்று இணைக்கப்படுவதாலும், குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பற்றியிருப்பதாலும் அங்கே நிலைபெறுகிறது. இவற்றைத் தடுத்தால் புரதம் தன் இடத்தையும் நிலைப்பையும் இழக்கிறது.

டி அணு பகைப் பொருளைக் கண்டு தடுப்பாற்றல் சந்தியை அமைத்ததும், இந்நுண்பைகள் கோல்கை அருகிலிருந்து புறப்பட்டுச் சந்தியை நோக்கி வந்து குவிகின்றன. அவ்வாறு குவிய, ஏற்பியின் ஆணையைக் கடத்தும் 'வாவ்-1' என்னும் புரதத்துடன் கிராக்ஆர்-2ஏ தன் புரோலின் மிகுந்த பகுதியால் கைகோக்க வேண்டும். இவ்வாறு சேர்ந்தபின் இரு பாதைகள் ஊக்கம் பெறுகின்றன. ஒன்று, நாம் மேலே கண்ட கால்சியம் – என்ஃபாட் பாதை. மற்றொன்று, 'ஜேஎன்கே' என்னும் நொதி வழியே 'ஏபி-1' என்னும் ஜீன் இயக்கியை எழுப்பும் பாதை.

இவ்விரு பாதைகளும் சேர்ந்து எழுவதன் சிறப்பைக் கவனிக்க வேண்டும். என்ஃபாட் உட்கருவில் தனித்து நுழைந்தால் முழுப் போர் ஆணை பிறப்பதில்லை. ஏபி-1 உடன் அமர்ந்தால்தான் இன்டர்லியூக்கின்-2 முதலிய ஜீன்கள் முழு வீச்சில் இயங்குகின்றன. துணையின்றி என்ஃபாட் மட்டும் நெடுநேரம் செயல்பட்டால் டி அணு சோர்ந்து செயலற்றுப் போவதும் உண்டு. வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் இருப்பதுபோல, தடுப்பாற்றலுக்கும் இரண்டு சாவிகள். தவறான ஆணையால் நம் உடலையே நம் படை தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அமைந்த காப்பு இது. அந்த இரண்டு சாவிகளையும் திருப்ப உதவும் ஒரு புரதமாகக் கிராக்ஆர்-2ஏ விளங்குகிறது.

2019இல் மேலும் ஒரு செய்தி கிடைத்தது. உயிரணுவில் நுண்குழல்கள் இருப்புப் பாதைகள் போல ஓடுகின்றன. அவற்றின்மேல் 'டைனீன்' என்னும் இயக்கப் புரதம் சுமையை இழுத்துச் செல்கிறது. டைனீனைச் சுமையுடன் இணைக்க ஒரு கொக்கி வேண்டும். ரொனால்ட் வேல் அவர்களின் குழு, கிராக்ஆர்-2ஏ அத்தகைய கொக்கி என்றும், அக்கொக்கி கால்சியம் வந்தால்தான் மாட்டும் என்றும் காட்டியது. ஆகவே கால்சியம் இங்கே வெறும் விளைவு அன்று. போக்குவரத்துக்கான கொடியசைப்பும் அதுவே. கதவைத் திறக்க உதவிய புரதம், அக்கதவின் வழியே வந்த கால்சியத்தாலேயே அடுத்த வேலைக்கு அனுப்பப்படுகிறது. இரு பணிகள் என்றோம். அவை ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது இப்போது விளங்கும்.

இப்புரதம் குறைந்தால்

ஒரு புரதத்தின் அருமை அது இல்லாதபோதுதான் முழுமையாகத் தெரியும். டி அணுக்களில் இந்த ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆய்ந்து 2018இல் வெளியிட்டனர். அவற்றின் டி அணுக்கள் வைரஸ் தொற்றை வலுவாக எதிர்க்கவில்லை. அதே வேளையில், நரம்புகளின் உறையை டி அணுக்களே தாக்கும் ஒருவகை நோயைச் செயற்கையாக உண்டாக்க முயன்றபோது, அந்நோய் அவற்றைக் கடுமையாகப் பற்றவில்லை. ஒரே குறை, ஓரிடத்தில் தீமையாகவும் ஓரிடத்தில் நன்மையாகவும் அமைந்தது.

மனிதரில்? இந்த ஜீனின் இரு படிகளிலும் பழுது கொண்ட ஒருவரைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. முன்னே சொன்ன குழந்தைகளைப் போலன்றி இவர் வயது வந்தவர். நெஞ்சுத் தொற்று இவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது. உதவி செய்யும் டி அணுக்கள் குறைந்திருந்தன. இரத்தத்தில் எல்லா வகை எதிர்ப்பொருள்களும் குறைவாக இருந்தன.

எதிர்ப்பொருள் குறைவு என்றவுடன், அதை உண்டாக்கும் பி அணுக்களிலேதான் பழுது என்று எவரும் எண்ணுவர். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவருடைய பி அணுக்களுக்கு, டி அணு தரவேண்டிய தூண்டலைச் செயற்கையாகக் கொடுத்துப் பார்த்தபோது, அவை எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களாக இயல்பாகவே மாறின. பி அணுக்களின் மேல் குற்றமில்லை! பழுது டி அணுக்களில். அவற்றில் கிராக்ஆர்-2ஏ பெரிதும் குறைந்திருந்தது. கால்சிய நுழைவும், ஜேஎன்கே பாதையும் மங்கியிருந்தன. அணுக்கள் பெருகவும், செய்திப் பொருள்களைச் சுரக்கவும் இயலாமல் தளர்ந்திருந்தன.

தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் வந்த இரு பழுதுகளையும் தனித்தனியே ஆராய்ந்ததும் பயன் தந்தது. தந்தை வழிப் பழுது கால்சிய நுழைவை மட்டும் கெடுத்தது. ஜேஎன்கே பாதையைத் தொடவில்லை. தாய் வழி வந்தது புரதத்தையே 300ஆம் இடத்தில் துண்டித்துவிட்டமையால், ரேப் பகுதி முழுவதும் இழந்து, இரு பாதைகளும் பழுதடைந்தன. கதவுப் பணியும் பொதிப் பணியும் ஒரே புரதத்தில் அடங்கியவை என்றாலும் அவற்றைப் பிரித்தறிய முடியும் என்பதை இயற்கையே இங்கே செய்து காட்டிவிட்டது.

மருத்துவம் பெறும் பயன்

இப்பாதையில் கை வைக்கும் மருந்துகள் புதியவை அல்ல. நார்வே நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த பூஞ்சை ஒன்று தந்த சைக்ளோஸ்போரின், 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, சிறுநீரக மாற்று அறுவையின் போக்கையே மாற்றியது. பிறர் தந்த சிறுநீரகத்தை டி அணுக்கள் தாக்காமல் அது அடக்குகிறது. அது கால்சிநியூரினைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கிறது என்பது 1991இல்தான் தெரிந்தது. ஆனால் கால்சிநியூரின் உடலின் பல உறுப்புகளில் உள்ளது. ஆகவே எந்தச் சிறுநீரகத்தைக் காக்க மருந்து தரப்படுகிறதோ, நாளடைவில் அந்தச் சிறுநீரகத்துக்கே அம்மருந்து ஊறு செய்வதும் உண்டு. நிணநீர் அணுக்களில் மிகுதியாக உள்ள ஒரு புரதத்தை மட்டும் அடக்க முடிந்தால் இத்துன்பம் குறையலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகின்றனர். இது எதிர்பார்ப்பே தவிர மருந்து அன்று. மேலும், அடக்கினால் தொற்று எளிதில் பற்றும் என்பதை மேற்சொன்ன நோயாளியின் நிலையே எச்சரிக்கிறது.

நோயைக் கண்டறிவதிலோ பயன் உடனடியானது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் ஒருவரின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் எத்தனை என்று எண்ணுவது முதற்படி மட்டுமே. அவை தூண்டலுக்கு இணங்குகின்றனவா, கால்சியம் நுழைகிறதா, எந்த ஜீனில் பழுது என்று அடுத்தடுத்து அறிந்தால்தான் உரிய மருத்துவம் தர இயலும். எதிர்ப்பொருள் மட்டும் குறைந்தவருக்கு, பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களை முறையாகச் செலுத்தி வந்தால் போதும். டி அணுக்களே அடியோடு செயலற்ற குழந்தைக்கு அது போதாது. எலும்பு மஜ்ஜை மாற்றே உயிர் காக்கும். இரண்டையும் வேறுபடுத்தி அறியத் தாமதமானால் இழப்பு குழந்தையின் உயிர்.

முடிவுரை

தொகுத்துக் கூறினால், கிராக்ஆர்-2ஏ தன் குறுகிய வடிவில் ஸ்டிம்-1, ஓராய்-1 கூட்டணியை நிலைநிறுத்திக் கால்சியக் கதவுக்குத் துணை நிற்கிறது. தன் நீண்ட வடிவில் கோல்கை அருகிலுள்ள நுண்பைகளைத் தடுப்பாற்றல் சந்திக்குக் கொண்டு சென்று, கால்சியப் பாதையையும் ஜேஎன்கே பாதையையும் ஒருங்கே ஊக்குகிறது. கால்சியம் வந்தால் டைனீனுடன் இணைந்து சுமையையும் ஏற்றி அனுப்புகிறது.

மாணவ நண்பர்களே, பாடநூலில் கால்சியம் ஒரு பாடத்திலும், கோல்கை உறுப்பு வேறொரு பாடத்திலும், தடுப்பாற்றல் மற்றொரு பாடத்திலும் இடம்பெறுகின்றன. தேர்வுக்கு அவற்றைத் தனித்தனியே படிக்கிறோம். உயிரணுவுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. அதற்குக் கதவும் பொதியும் ஆணையும் ஒரே வாழ்வின் பகுதிகள். முதலில் ஒரு குறுகிய வடிவத்தைக் கண்டு, அதுவே முழுமை என்று நின்றுவிடாமல், மீதியையும் தேடிப் பார்த்த ஆறாண்டு உழைப்பே இப்புரதத்தின் மறுபாதியை நமக்குக் காட்டியது. ஒரு பாடத்தை முடித்துவிட்டோம் என்று புத்தகத்தை மூடும் முன், அதன் மறுபாதி வேறெந்தப் பாடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும். நோயுற்ற ஒரு குழந்தையின் விடையும் அங்கே இருக்கக்கூடும்.